ஒன்றரை வயதுக்குப் பிறகு யார் அளக்கிறார்கள்?

பிள்ளை பிறந்த புதிதில் கிளினிக்குக்கு நடப்பதில் நம் குடும்பங்கள் குறை வைப்பதில்லை. பினாங்கில் பட்டர்வொர்த்தாக இருந்தாலும் ஆயர் ஈத்தாமாக இருந்தாலும் 2, 3, 5 மாதத்தில் ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி, 4, 6, 15 மாதத்தில் நிமோகோக்கல், 9-லும் 12-லும் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி), 18-ல் பூஸ்டர் என்று அட்டவணைப்படி போய்விடுவார்கள். போகும்போதெல்லாம் மிஸ்ஸி (தாதி) துணியைக் கழற்றச் சொல்லி எடை பார்த்து, பலகையில் கிடத்தி நீளம் பார்த்து, தலையை நாடாவால் அளந்து, பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தில் உள்ள கோட்டுப் படத்தில் புள்ளி வைப்பார். 18-ஆம் மாத ஊசி முடிந்ததும் அந்தப் புத்தகம் பிறப்புப் பத்திரத்தோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த ஊசி 7 வயதில், முதலாம் ஆண்டில், பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிடுவார்கள். புத்தகத்தில் 6 வயது வரைக்கும் வருகைக்குப் பக்கங்கள் உண்டு. ஊசி இல்லாத வருகைக்கு வேலையில் லீவு எடுத்துப் போகிறவர்கள் குறைவு.

அதற்குப் பிறகு பிள்ளை வளர்வதைக் கண்ணால்தான் பார்க்கிறோம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. தீபாவளிக்கு வரும் அத்தைதான் "என்ன, இவன் போன வருஷம் பார்த்த மாதிரியே இருக்கான்?" என்று கேட்பார். அத்தை கேட்டது கோபப்பட வேண்டிய கேள்வி அல்ல, நல்ல கேள்வி. ஆனால் பதில் சொல்ல வீட்டில் எண் இருக்காது.

முதல் வருடத்தின் வேகம்

பிறக்கும்போது நீளம் சுமார் 50 செ.மீ., எடை 3.2, 3.3 கிலோ. முதல் சில நாளில் எடை 7 முதல் 10 விழுக்காடு வரை குறையும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்தாம் மாதவாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். நீளம் முதல் ஆண்டில் 25 செ.மீ. கூடும். இரண்டாம் ஆண்டில் 12, மூன்றாம் ஆண்டில் 8, அதன் பிறகு ஆண்டுக்கு 5, 6 என்று வேகம் இறங்கிக்கொண்டே வரும்.

இந்த இறக்கத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை நின்றுவிடும். முதல் ஆண்டில் 6 கிலோவுக்கு மேல் ஏறிய உடம்பு, இரண்டாம் ஆண்டு முழுவதிலும் இரண்டரைக் கிலோதான் ஏறும். வளர்ச்சி பாதிக்கும் கீழே இறங்கும்போது பசியும் இறங்குகிறது. "சாப்பிடவே மாட்டேங்குறான்" என்று தட்டோடு துரத்துவதும், கைத்தொலைபேசியைக் காட்டி வாயைத் திறக்க வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. கோட்டில் புள்ளி சரியாகப் போய்க்கொண்டிருந்தால் பிள்ளை போதுமான அளவு சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, முந்தைய புள்ளிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி. பிறந்ததிலிருந்து கீழ்க்கோட்டை ஒட்டியே போகும் பிள்ளை பெரும்பாலும் நலமாக இருக்கும். நடுக்கோட்டில் இருந்து ஆறு மாதத்தில் இரண்டு கோடு கீழே இறங்கிய பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும், ஆள் பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும்.

"நம்ம வம்சமே குள்ளம், இந்தக் கோடெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட இந்த வளர்ச்சிக் கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போடப்பட்டவை. தாய்ப்பால் குடித்து, புகை இல்லாத வீட்டில், நல்ல வசதியோடு வளர்ந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரை டெல்லிப் பிள்ளையும் ஓஸ்லோ பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தன. ஐந்து வயது ஆண் பிள்ளைக்கு நடுக்கோடு 110 செ.மீ.; 100.7-க்குக் கீழே போனால் வம்சத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த முதல் வருடத்தில் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். தேனை ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக் கூடாது. அதிலிருக்கும் கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மலேசியாவில் பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள். குறைபாடு இருக்கிறது என்று சொன்னால், பட்டுச்சேலை அலமாரியில் போடும் பாச்சை உருண்டையை வீட்டை விட்டே வெளியேற்ற வேண்டும். அந்த வாசம் ஏறிய துணியில் குழந்தையைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும்.

நடை, பேச்சு, கை

தலை நிற்பது 3, 4 மாதத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொரு திறனுக்கும் ஒரு தேதி கிடையாது, ஒரு காலப்பரப்பு உண்டு. அதே ஆய்வில், பிரேசில் தவிர்த்த ஐந்து நாட்டுப் பிள்ளைகளின் கணக்கில் தாங்கல் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், தவழ்வது 5.2-லிருந்து 13.5, தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பது மாதத்தில் நடந்ததும் உங்கள் பிள்ளை பதினைந்தில் நடப்பதும் ஒரே கணக்குக்குள் அடங்குகின்றன. கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே நேரே நடந்த பிள்ளைகளும் அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். "அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று பாட்டி சொல்வது 18 மாதம் வரை செல்லும். அதற்கு மேல் செல்லாது.

நடையைச் சீக்கிரம் வரவைக்க என்று வாங்கும் சக்கர வாக்கர் எதிர்வேலை செய்கிறது. அதில் பிள்ளை நுனிக்காலால் உந்துகிறதே தவிர, எடையைத் தாங்கவும் சமநிலை பிடிக்கவும் கற்பதில்லை. படிக்கட்டு உள்ள வீட்டில் ஆபத்து வேறு; கனடா 2004-ல் விற்பனையையே தடை செய்துவிட்டது. ஸ்பிரிங் தொட்டிலில் நாளெல்லாம் கிடக்கும் பிள்ளைக்கும் இதே இழப்புதான். விழித்திருக்கும் நேரத்தில் பாயை விரித்துக் குப்புறப் போட்டால் கழுத்தும் தோளும் வலுப்படும். தூங்குவதற்கு மட்டும் மல்லாக்க, சமமான மெத்தையில்.

பேச்சைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பினாங்குப் பிள்ளைக்கு வீட்டிலேயே மூன்று மொழி. பாட்டியிடம் தமிழ், பிள்ளை பார்க்கும் மாக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) மலாய், அம்மா அப்பாவிடம் பாதிப் பாதி ஆங்கிலம். பேசத் தாமதமானால் முதல் பழி இந்த மொழிகள் மேல் விழுகிறது; "ஒரே மொழியில பேசுங்க" என்று யாராவது சொல்ல, தமிழ்தான் முதலில் வெட்டுப்படும். பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். பால், சுசு (மலாயில் பால்), பந்து, போலா (மலாயில் பந்து) என்று நான்கு சொல் சொல்கிற பிள்ளைக்கு நான்கு சொல் என்றுதான் கணக்கு. இரண்டு வயதில் இப்படிச் சுமார் 50 சொல்லும், "அம்மா வா", "சுசு வேணும்" போன்ற இரண்டு சொல் கோவையும் இருக்க வேண்டும்.

மூன்று மொழி வீடாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத எல்லைகள் சில உண்டு. 12 மாதத்தில் மழலை ஒலியே இல்லை, விரலால் சுட்டிக் காட்டவும் இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 24 மாதத்தில் இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்தது நின்றுபோனது. இதில் எது நடந்தாலும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பெயர் சொன்னால் திரும்புகிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிய பிள்ளை சத்தத்துக்குத் திரும்பும், மெல்லிய மெய்யெழுத்து ஒலிகளைக் கேட்காது. 18 மாத வருகையில் ஆட்டிசம் அறிகுறிகளைக் கேட்கும் வினாத்தாள் ஒன்றும் உண்டு. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போட்டுவிட்டு வருவது நம்மில் சகஜம். வீட்டில் இரண்டு நாள் பிள்ளையைக் கவனித்துவிட்டு நிரப்பினால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

உணவில் 6 மாதத்துக்குப் பிறகு முதல் கவலை இரும்புச்சத்துதான், எடை இரண்டாவது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு அதற்கு மேல் போதாது. வெறும் அரிசிக் கஞ்சியும் கேரட்டும் வயிற்றை நிரப்பும், இரத்தத்தை நிரப்பாது. மசித்த கோழி ஈரல், முட்டை, மீன், பருப்போடு முருங்கைக்கீரை ஆகியவற்றை முதல் மாதத்திலிருந்தே கொடுக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பாலை நாளுக்கு 500 மி.லி.க்கு மேல் விடக் கூடாது. பால் வயிற்றை அடைத்துக்கொண்டால் இரும்புக்கு இடமில்லை. தே தாரேக்கை ஆற்றி ஒரு வாய் ஊட்டுவதும் வேண்டாம். தேநீர் இரும்பைக் குடலில் ஏறவிடாது, அதிலுள்ள கெட்டிப்பால் பெரும்பாலும் பாலே இல்லை, சர்க்கரையும் பாமாயிலும்தான்.

மூன்று வயதில் பாலர் பள்ளிக்கு அனுப்பி, நான்கில் "இன்னும் அ, ஆ எழுதவில்லை" என்று டீச்சரிடம் சண்டைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரேயில் பார்த்தால் அடங்கிவிடுவார்கள். பிறக்கும்போது அங்கே எலும்பே தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. எட்டு எலும்பில் ஏழு ஒவ்வொன்றாகத் தோன்றி முடிய 6, 7 வயதாகிறது. கையும் கண்ணும் இணைந்து 3 வயதில் வட்டம் வரும், 4-ல் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், 5-ல் முக்கோணம். 'இ'யையும் 'ஐ'யையும் எத்தனை சுழியில் எழுதுகிறோம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நான்கு வயதுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கும் பாலர் பள்ளியைவிட, மாவு பிசையவும் கோலப்பொடியை விரலிடுக்கில் விடவும் கற்றுத்தரும் பாட்டி கைக்கு நல்ல பயிற்சி தருகிறார்.

சுவரில் ஒரு கோடு

ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளை மெலிந்துகொண்டே வரும். உயரத்துக்கு ஏற்ற எடை 5, 6 வயதில்தான் மிகக் குறைவாக இருக்கும், பிறகு மெல்ல ஏறும். விலா எலும்பு தெரிகிற ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதற்குப் பயந்து டின் பாலும் சாக்லேட் மால்ட்டும் ஊற்றித் தேற்றும்போது அந்த ஏற்றம் நான்கு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்படி முன்கூட்டித் தொடங்கிய பிள்ளைகள்தான் பின்னால் பருமனாகும் வாய்ப்பு அதிகம்.

பருமனான பிள்ளையின் பின்கழுத்தில் கருப்பாக, வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக ஒரு பட்டை வந்தால் அது அழுக்கு அல்ல. பீர்க்கங்கூட்டால் தேய்த்தும், எலுமிச்சை போட்டும் போகாது. இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. நீரிழிவு பரம்பரையாக ஓடும் நம் வீடுகளில் அதைப் பார்த்ததும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துவிட வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரமும் 2, 3 கிலோ எடையும் கூட வேண்டும். உயரம் ஓர் ஆண்டில் 4 செ.மீ.க்கும் குறைவாக ஏறினால் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன், குடலில் சத்து ஏறாமை, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு என்று தேட வேண்டிய காரணங்கள் பல. பிள்ளைக்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது; சுவரில் உள்ள கோடு மட்டும்தான் சொல்லும். ஆகவே சுவரில் கோடு போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதற்கும் அடிக்கடி அளந்தால் அளவுப் பிழையைத்தான் வளர்ச்சி என்று எண்ணிக்கொள்வோம். காலணி கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் முதுகும் சுவரைத் தொட, பார்வை நேரே இருக்க நிறுத்தி, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாகப் பிடித்துத் தலையில் இறக்குங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும். முதுகுத்தண்டின் வட்டுகள் அழுந்துவதால் மாலையில் ஒரு செ.மீ. வரை குறையும். இரண்டு வயதுக்கு முன் படுக்க வைத்து அளந்த நீளத்தை நின்று அளந்த உயரத்தோடு ஒப்பிடும்போது 0.7 செ.மீ. கழித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கு ஒரு வரி: நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவது தள்ளிப்போகிறது. டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் யூத் பார்க்குக்கோ பாடாங் கோத்தாவுக்கோ போவதற்கு இதுவே போதுமான காரணம்.

சடங்குக்கு முன்பே நடந்துவிடுவது

பெண் பிள்ளை பெரியவளானதும் தாய்மாமனுக்குச் செய்தி போகிறது, மண்டபம் தேடுகிறார்கள், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வருகின்றன. இனிமேல்தான் வளர்வாள் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். உடம்பின் கணக்கில் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த நாள் அது.

பெண் பிள்ளைக்குப் பருவம் தொடங்குவது 8 முதல் 13 வயதுக்குள், மார்பில் ஒரு சிறு முடிச்சாக. ஒரு பக்கம் மட்டும் முதலில் வரலாம், தொட்டால் வலிக்கலாம், கட்டி என்று பயப்பட வேண்டாம். உயர ஓட்டம் அப்போதே தொடங்கிவிடும். உச்சத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. வரை ஏறும். முதல் மாதவிடாய் வருவது அந்த முடிச்சு தோன்றிச் சுமார் இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்து, உச்சம் தாண்டி இறங்கும்போது. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது 5 முதல் 7 செ.மீ. சடங்கு நாளில் 146 இருக்கும் பெண் 152 வாக்கில் நிற்பாள். சத்தாக ஊட்ட வேண்டிய காலம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும்போதே வந்து போய்விடுகிறது. களியில் குறை இல்லை, உளுந்தில் நல்ல புரதம் உண்டு. பச்சை முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள், சால்மோனெல்லா கிருமிக்குச் சடங்கு தெரியாது. முதல் இரண்டு ஆண்டுக்குச் சுழற்சி ஒழுங்காக வராமலிருப்பது இயல்பு. இரத்தப்போக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு பேட் நனைந்தாலோ இரத்தம் சோதிக்க வேண்டும்.

8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் வந்த ஈஸ்ட்ரோஜன் எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டையும் சீக்கிரம் மூடிவிடும். வகுப்பில் உயரமாக இருந்த பெண் இறுதியில் குட்டையாக நிற்பாள். 13 வரை மார்பு வளர்ச்சியே இல்லை, 15 வரை மாதவிடாய் இல்லை என்றாலும் காட்ட வேண்டும்.

ஆண் பிள்ளைக்குச் சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை. பருவம் தொடங்குவது 9 முதல் 14 வயதுக்குள், விதை பெரிதாவதில். மீசையும் குரல் உடைவதும் வெகு பின்னால். உயர ஓட்டம் பெண்களைவிட இரண்டு ஆண்டு தாமதம், உச்சத்தில் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. அந்த இரண்டு ஆண்டுக் கூடுதல் காலமும் உச்சத்தின் கூடுதல் வேகமும் சேர்ந்துதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே சராசரியாக 13 செ.மீ. வித்தியாசம். இடையில் பாதிக்கும் மேற்பட்ட பையன்களுக்கு மார்புக் காம்புக்கு அடியில் கட்டி மாதிரி வீங்கும். நீச்சலுக்கு வர மாட்டேன் என்பான், சட்டையைக் கழற்ற மாட்டான், காரணம் சொல்ல மாட்டான். ஒன்றிரண்டு ஆண்டில் தானாக வற்றிவிடும் என்பதை அப்பா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும்.

14 ஆகியும் விதை வளராத பையனை மருத்துவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது குடும்பத்தில் ஓடும் தாமதம், படிவம் நான்கில்தான் வளர்ந்தேன் என்று தந்தையே சொல்வார். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தால் தெரிந்துவிடும். எவ்வளவு உயரம் வருவான் என்பதற்கு வீட்டுக் கணக்கு ஒன்று உண்டு: பெற்றோர் உயரத்தைக் கூட்டி, மகனுக்கு 13 கூட்டி, மகளுக்கு 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 170, தாய் 152 என்றால் மகன் 167.5, மகள் 154.5, இரு பக்கமும் 8.5 செ.மீ. வரை விலகலாம். வளர்ச்சித் தட்டு பெண்ணுக்கு 15 வாக்கிலும் பையனுக்கு 17 வாக்கிலும் மூடிவிடும். மூடிய பிறகு இணையத்தில் விற்கும் உயரம் கூட்டும் பொடி ஒரு மில்லிமீட்டரும் கூட்டாது, எத்தனை வெள்ளி கொடுத்தாலும்.

13 வயதில் பள்ளியில் பெண்களுக்குப் போடும் எச்பிவி ஊசிக்குச் சம்மதக் கடிதம் வரும். அதைப் புத்தகப் பையின் அடியிலேயே விட்டுவிடாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது.

பதின்வயதில் தூக்கம் வரும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. மூளையில் மெலடோனின் சுரப்பது தாமதமாவதால் வருவது இது. சோம்பேறி என்று திட்டி முன்னுக்குக் கொண்டுவர முடியாது. 8 முதல் 10 மணி நேரம் தேவைப்படும் பிள்ளை, இரவு 12-க்குப் படுத்து ஏழரை மணிப் பள்ளிக்கு ஆறுக்கு எழுகிறது. திரையை ஒன்பதரைக்கு வெளி அறையில் வைப்பதும், எழுந்ததும் வெயிலில் நிற்பதும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

சட்டம் வயதை வேறு மாதிரி அளக்கிறது. 12-ல் மைகார்டு (அடையாள அட்டை), 16-ல் மோட்டார் சைக்கிள் உரிமம், 17-ல் கார், 18-ல் வாக்கு. முஸ்லிம் அல்லாதவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திருமணத்துக்கு 21. பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிவது 20-களின் நடுவில். 16 வயதுப் பையனுக்கு விதிகள் தெரியாமல் இல்லை. தனியாகக் கேட்டால் பெரியவரைப் போலவே பதில் சொல்வான். பின்னால் நண்பன் உட்கார்ந்திருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. மோட்டார் சாவியைக் கொடுத்தே ஆக வேண்டிய வீடுகளில் முதல் வருடம் பின்சீட்டில் ஆள் ஏற்றக் கூடாது, இரவு பத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற இரண்டு விதிகள், "பார்த்துப் போ" என்று நூறு தடவை சொல்வதைவிட அதிகம் வேலை செய்யும்.

உயரம் நின்ற பிறகும் எலும்பு வேலையை நிறுத்துவதில்லை. அடர்த்தி 20-களின் பிற்பகுதி வரை ஏறி, அங்கே உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் இறக்கம் வேகமாகும், இடுப்பெலும்பு முறிவு அங்கேதான் வருகிறது. அந்த உச்சத்தை உயர்த்தக் கிடைக்கும் காலம் பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, தயிர், கீரை, வாரத்தில் மூன்று நாளாவது குதித்து ஓடும் விளையாட்டு, கையிலும் காலிலும் படும் வெயில். சடங்கு முடிந்ததும் பெண் பிள்ளையை நெட்பாலில் இருந்து நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சரியாக அந்த வயதில்தான் அவளுக்கு அந்த விளையாட்டு தேவைப்படுகிறது.